நடுவில் உட்கார்ந்த குளிர்

நீலகிரியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் ஒரு சாலையில் ஒரு குளிர் குடியிருந்தது. தை மாதம் முழுக்க, பொழுது விடிகிற நேரத்தில் மூன்றாவது வளைவில் நின்றுகொண்டு, வருகிற பைக்குகளில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வழக்கம். கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. அதற்கும் எங்காவது உட்கார வேண்டுமே. சட்டைக் கழுத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி கிடைத்தால் போதும், ஏறிக்கொள்ளும்.

அந்தச் சாலையின் மேல்கோடியில் ஒரு வீட்டில் யோகேஸ்வரியும் அவள் மாமனார் ராசையாவும் இருந்தார்கள். அவள் கணவன் மோகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மோகனும் யோகேஸ்வரியும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ராசையா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. மகன் ஊரில் இருந்தவரை மகனிடம் பேசினார். மகன் போனபிறகு வீட்டில் பேச்சே நின்றுபோயிற்று. அவள் டீ போட்டு மேசையில் வைப்பாள். அவர் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார்.

ராசையாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு நாள் குன்னூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு அவருடைய முறை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போய்வருவார். அந்த வாரம் காற்றில் பெரிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்து, பஸ்ஸும் ஆட்டோவும் நின்றுபோயின. ஒரு முறை தவறிப்போயிற்று. அவருடைய கால்கள் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு யோகேஸ்வரி மோகனுடைய பைக்கை வெளியே தள்ளி வந்தாள்.

"மாமா, மரத்துக்கு அடியில பைக் போற அளவுக்கு வழி இருக்காம். கிளம்புங்க."

"மரத்தை வெட்டி எடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார் ராசையா, ஜன்னலிடம்.

"இன்னைக்கும் விட்டா, அப்புறம் பார்க்குறதுக்கு எதுவும் இருக்காது. காலைப் பாருங்க."

அவர் காலைப் பார்த்தார். பிறகு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

யோகேஸ்வரி மோகனுடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். அதன் ஜிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு ஊக்குக் குத்தியிருந்தாள். கையுறை இல்லாததால் மோகனுடைய காலுறைகளைக் கையில் மாட்டியிருந்தாள். ராசையா பின்னால் ஏறி, சீட்டின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பையைத் தனக்கும் மருமகளுக்கும் நடுவில் வைத்தார். ஊசி போடுகிற இடது கையை மடியில் வைத்து, வலது கையால் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் குளிர் அவர்களைப் பார்த்தது. இத்தனை தாராளமாக இடம் விட்ட வண்டியை அது அந்த மாதத்தில் பார்த்ததில்லை. ஏறிப் பையின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தது. ஒரு கையை மருமகளின் முதுகிலும் இன்னொரு கையை மாமனாரின் நெஞ்சிலும் வைத்தது.

"இறங்கு" என்றது ஜாக்கெட். "இது உனக்குப் போட்ட இடமில்லை."

"யாருக்குப் போட்ட இடம்?" என்று கேட்டது குளிர். "சொல், அவர்கள் வந்தால் எழுந்துகொள்கிறேன்."

இதற்குள் முன்பக்கத்து ஊக்கு ஒன்று தெறித்து, காற்று நேராக உள்ளே புகுந்தது. ஜாக்கெட் பலூன்போல உப்பியது.

"கம்பளி, நீயாவது ஏதாவது செய்யேன்" என்றது அது. "பெண் நடுங்குகிறாள். எனக்கு வாய் மூடாது. நான் என்ன செய்ய முடியும்?"

"என்னைப் போர்த்தியிருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு தூரத்தில்தான் நானும்" என்றது கம்பளி. "எனக்கும் மனசு கேட்கவில்லை. இந்தப் பை நடுவில் நிற்கிறதே."

"என்னைச் சொல்லாதீர்கள்" என்றது பை. "வைத்த இடத்தில் இருக்கிறேன்."

"சண்டை வேண்டாம்" என்றது குளிர். "நான் யாரையும் துரத்திப் பிடிப்பதில்லை. விட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்."

ஆறாவது வளைவு வருவதற்குள் யோகேஸ்வரிக்கு விரல்கள் மரத்துவிட்டன. கிளட்சைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரியவில்லை. பல் கிட்டிக்கொண்டது. கொண்டை ஊசி வளைவில் கியர் மாறாமல் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி எப்படியோ நிறுத்தினாள். சாலை ஓரத்துக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இருந்தது.

ராசையா மெல்ல இறங்கினார்.

யோகேஸ்வரி ஸ்டாண்ட் போட்டுவிட்டு, உட்கார்ந்து கைகளை எஞ்சினுக்குப் பக்கத்தில் காட்டினாள். "ரெண்டு நிமிஷம் மாமா. கை வந்துரும். ஏழு மணிக்குள்ள போயிரலாம்." அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதால் ஜன்னலைப் பார்ப்பதுபோல அந்த மனிதர் மலையைப் பார்ப்பார் என்று நினைத்தாள்.

அப்போது காற்றடித்தது. ஜாக்கெட் கிடைத்த சமயத்தை விடவில்லை. பிரிந்து கிடந்த தன் ஓரத்தை வீசி, பக்கத்தில் நின்ற பெரியவரின் முழங்காலில் அடித்தது. மறுபடியும் அடித்தது.

ராசையா குனிந்து அந்த ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"ஜிப் போயிருச்சா?"

யோகேஸ்வரி நிமிர்ந்தாள். ஜன்னலும் இல்லை, சுவரும் இல்லை. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமாச்சு மாமா."

"இத மாட்டிக்கிட்டா இவ்வளவு தூரம் வந்த?" அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கழட்டு. திருப்பிப் போடு. முதுகுப் பக்கம் முன்னால வரணும். காத்து நெஞ்சுலதான அடிக்குது."

"அப்ப முதுகு திறந்து கிடக்குமே."

"நான் இருக்கேன்ல" என்றார் அவர்.

அவள் கைகளை முன்பக்கமாக நுழைத்து ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டாள். ராசையா பையை எடுத்து முன்னால் டேங்கின்மேல், அவள் வயிற்றோடு ஒட்டினாற்போல வைத்தார். பிறகு ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தார். ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் அவள் முதுகில் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, தன் நெஞ்சால் அழுத்திக்கொண்டார். கம்பளி அதற்குமேல் விழுந்து மூடியது.

"தோள்ல கை வச்சுக்கிடட்டுமாம்மா?"

"வச்சுக்கங்க மாமா."

வண்டி கிளம்பியது. குளிர் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தது. கழுத்துப் பக்கம் பார்த்தது. கம்பளி தன் நுனியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. குளிர் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடி வந்துவிட்டு, ஒரு தேயிலைப் புதரில் இறங்கிக்கொண்டது. அதற்குக் கோபமில்லை. கீழே எத்தனையோ வண்டிகள்.

ஓடுகிற பைக்கில் தள்ளி உட்கார்ந்தால் சொல்வது கேட்காது. காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ராசையா இப்போது அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உங்க கல்யாணத்தன்னைக்கு நான் மேட்டுப்பாளையம் வந்தேன்" என்றார்.

யோகேஸ்வரி வேகத்தைக் குறைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். மண்டபத்து மேளச் சத்தம் அங்க கேட்டுச்சு. எந்த மூஞ்சியோட உள்ள வர்றதுன்னு தெரியல. மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிட்டேன். மோகன்கிட்டகூடச் சொன்னதில்ல."

இரண்டு வளைவு தாண்டியதும் அவள் கேட்டாள்: "அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"உங்க பக்கத்து ஆளுங்களுக்குன்னு ஆக்குன சோறு. அப்படியே மிஞ்சிப்போச்சு மாமா. எங்கம்மா அழுதுக்கிட்டேதான் எடுத்துக் கொட்டுச்சு."

"தப்புதாம்மா" என்றார் ராசையா. தோளில் இருந்த கை ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

மரத்துக்கு அடியில் குனிந்து போனார்கள். குன்னூர் போய்ச் சேரும்போது ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவருடைய எடையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா நெஞ்சுல நீர் கோத்திருக்கும்" என்றாள். நான்கு மணி நேரம் மெஷின் ஓடியது. யோகேஸ்வரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அவர் வெளியே வந்தபோது மலை முழுக்க நல்ல வெயில். மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள், பஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

யோகேஸ்வரி ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "களைப்பா இருப்பீங்க. பஸ்லயே ஏத்தி விடட்டுமா மாமா? சாஞ்சுக்கிட்டு வரலாம்."

"வேண்டாம்மா. வண்டியிலயே போகலாம்."

பையை அவரே டேங்கின்மேல் வைத்தார். அவள் வண்டியைக் கிளப்பினாள். வெயில் முதுகில் சுள்ளென்று அடித்தது. கம்பளிகூடத் தோளிலிருந்து நழுவி மடியில் கிடந்தது.

சீட்டில் பின்னால் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. ராசையா நகர்ந்து உட்காரவில்லை.