கொடிக்காலுக்குள் புழுக்கம்

உலகநாதனுக்கு ஒரே கேள்விதான். "யார் கொண்டுவந்தது?"

மடத்துக் கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், நோய் விழுந்து கொடி அழுகிக்கொண்டிருந்தது. தூரில் கறுப்பு விழுந்து, இலையெல்லாம் வெந்தது மாதிரி தொங்கின. அந்தக் கொடிக்காலை வளர்த்தவர் உலகநாதன். அறுபது தாண்டியவர். அவருடைய குரு நாற்பதைக்கூடத் தொடாத ஒரு பெண். வயசைப் பார்த்து அவர் சீடனாகச் சேரவில்லை.

"யார்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் குரு.

"செல்லக்கனிதான். மழையன்னைக்குச் செருப்போட உள்ள வந்தா. கொடிக்காலுக்குள்ள யாராவது செருப்புப் போடுவாங்களா? அவளை அனுப்பிடணும்."

செல்லக்கனி மடத்தில் சமைக்கிறவள். புருஷன் வீட்டில் இடமில்லை, அண்ணன் வீட்டிலும் இடமில்லை. இங்கேயும் இல்லை என்றால் ரோடுதான். அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்தான்" என்றாள். "முள்ளு குத்துச்சு, போட்டேன்."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!"

குரு தலையாட்டினார். "செருப்புல வந்திருக்கலாம். மழைத்தண்ணியில வந்திருக்கலாம். மண்ணுல முன்னாடியே இருந்திருக்கலாம். செல்லக்கனி, அன்னைக்கு வேற எங்க போனே?"

"தொழுவத்துக் கொடியில நாலு வெத்தல பறிச்சேன். அதே செருப்பு, அதே சேறு."

மூவரும் தொழுவத்துக்குப் போனார்கள். பூவரச மரத்தில் ஏறிய கொடி அது. வெயில் படும், காற்று அடிக்கும். எப்போதாவது கொஞ்சம் சாணி எரு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்டில் நகத்தை அழுத்தச் சொன்னார் குரு. உலகநாதன் அழுத்தினார். நகம் வழுக்கியது.

கொடிக்காலுக்குத் திரும்பி, இன்னும் அழுகாத ஒரு கொடியில் அழுத்தச் சொன்னார். நகம் பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"என்ன போட்டீங்க?"

"பிண்ணாக்கு, யூரியா. அது கேட்டதுக்கு மேலயே போட்டேன். எப்படிக் கருகருன்னு பச்சையா நின்னுச்சு! கண்ணுகூடப் பட்டிருக்கலாம்."

"சரி."

"என்ன சரி? அப்ப இனிமே ஒண்ணுமே போடாம விட்டுடுறேன்."

குரு மதில் ஓரமாகக் கை காட்டினார். அங்கே கல்லுக்கு நடுவே ஒரு கொடி கிடந்தது. யாரும் அதற்கு எதுவும் போட்டதில்லை. வெளிறிப்போன சின்ன இலைகள். இலை முழுக்கப் புள்ளி.

உலகநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வது?

"குழப்பாதீங்கம்மா. அவ போகணுமா, நான் போகணுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்க போய்க் கொடிக்காலுக்குள்ள உட்காருங்க. குத்தவாளி யாருன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க. அனுப்பிடுறேன்."

பிறகு செல்லக்கனி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி கொடியை எப்படிப் பாத்துக்கிட்டாரோ, அப்படியே அவரைப் பாத்துக்கோ."

செல்லக்கனி அடுப்படிக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று துணிமணியை மூட்டை கட்டினாள். அதை மூலையில் வைத்துவிட்டு, பொங்கலுக்கு உலை வைத்தாள்.

கொடிக்காலுக்குள் வெயில் இறங்காது. கொடி ஏற நட்ட அகத்தி மரங்களின் கொப்பு அவ்வளவு அடர்த்தி. வேலியில் ஒரு சந்து விடாமல் உலகநாதனே ஓலை அடைத்திருந்தார். காற்றில் கொடி ஆடக்கூடாதாம். வாய்க்காலில் தண்ணீர் வடியாமல் நின்றது.

காலையில் இலை நிறைய நெய்ப் பொங்கல் வந்தது. கூடவே ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள் செல்லக்கனி. சாயங்காலம் மறுபடியும் பொங்கல், மறுபடியும் குடம்.

"என்ன பிள்ள இது?"

"கேட்டதுக்கு மேலயே போடுறேன் அண்ணாச்சி. கருகருன்னு வருவீங்க பாருங்க."

வேட்டி காயவே இல்லை. மறுநாள் முதுகெல்லாம் வேர்க்குரு.

"இப்ப உங்களுக்கு ரெண்டு குரு" என்றாள் செல்லக்கனி.

அதற்கடுத்த நாட்களில் பொங்கலைப் பார்த்தாலே குமட்டியது. இடுப்பைச் சுற்றிப் படை வந்தது. இருந்தும் உலகநாதன் வெளியே வரவில்லை. வீம்பு.

ஒரு காலையில் குரு வந்து வேலிக்கு வெளியே நின்றார். "கண்டுபிடிச்சீங்களா?"

"உடம்பெல்லாம் அரிக்குதும்மா."

"படையா?"

"ஆமா."

"யார் கொண்டுவந்தது?"

உலகநாதன் வாயைத் திறந்தார். எதிரே செல்லக்கனி குடத்தோடு நின்றிருந்தாள். வெறுங்கால். அவர் வாயை மூடிக்கொண்டார். ஈர வேட்டியைப் பார்த்தார். காலடியில் நின்ற தண்ணீரைப் பார்த்தார்.

"இங்க மனுஷன் இருப்பானா?" என்றார். "ஒரே புழுக்கம்."

"உங்களுக்குப் புழுக்கம். படைக்கும் அழுகலுக்கும் அது சுகம்."

உலகநாதன் சொறிவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "என் மூட்டையை அவுக்கவா, எடுத்துக்கிட்டுக் கிளம்பவா?"

"அவுத்துப் போடு பிள்ள."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

உலகநாதன் வேலியோரமாக வந்தார். "அப்ப யாரைத்தாம்மா வெளியே அனுப்பணும்?"

குரு வேலியிலிருந்து ஓர் ஓலையை உருவிக் கீழே போட்டார்.

"முதல்ல நீங்க வெளியே வாங்க அண்ணாச்சி. காத்து உள்ளே போகட்டும்."