ஏழாவது அட்டை

கல்குவாரியில் பாறை சரிந்து இரண்டு நாளாயிற்று. லாரியோடு உள்ளே மாட்டிக்கொண்டவன் ஆசீர். மேலிருந்து கற்கள் இன்னும் உருண்டுகொண்டே இருந்ததால், மீட்க வந்தவர்கள் காலையிலேயே வேலையை நிறுத்திவிட்டார்கள். கற்கள் உருளும் சத்தம் ஆலயம்வரை கேட்டது.

ஆசீரின் மனைவி எப்சிபா, போதகர் நவமணியிடம் மூன்று வருடமாக வேதம் படித்து ஊழியத்துக்குத் தயாராகிறவள். ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் ஆறுதல் சொல்லுவாள். அங்கெல்லாம் அவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

மதியம் போதகர் ஆலயத்தின் பின்னறைக்குள் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று வீட்டுக்கு ஒன்றாக எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டைகளில் மிஞ்சியவை ஒரு டப்பாவில் இருக்கும். அது அவள் மடியில் இருந்தது. ஆறு அட்டைகள் தரையில் கிடந்தன. ஏழாவதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

போதகர் கடிந்துகொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்தார்.

"மொதல்ல எடுத்தது பாடுகளைப் பத்தி வந்துட்டுய்யா. பயந்து போயி மறுபடி மறுபடி எடுத்தேன். இது ஒண்ணுதான் உயிரைக் காப்பேன்னு சொல்லுது. இதுல எதுய்யா ஆண்டவர் சொன்னது?"

போதகர் தம் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து நீட்டினார். நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம்.

"இது எந்த வருசத்துதுய்யா?"

"எங்க வீட்டம்மா எறந்துபோன வருசத்துது. ஜனவரியில அவதான் எடுத்தா. ஜூலையில அடக்கம் பண்ணினோம்."

ஏழாவது அட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

குவாரிப் பக்கம் மறுபடி பாறை சரிந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எப்சிபா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அவுக வந்துருவாகளாய்யா?"

"தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"உங்களுக்கே தெரியலன்னா நான் எதைய்யா பிடிச்சுக்கிட்டு நிக்க? முழங்கால் போட்டா ஜெபம் வரல, திட்டுதான் வருது. அவர் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு. இனிமே நான் ஊழியத்துக்கு லாயக்கில்ல."

போதகர் பழைய அட்டையை வேதாகமத்துக்குள் திரும்ப வைத்தார். பிறகு அவளே கேட்டாள்.

"அம்மா போனப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம பிரசங்கம் பண்ணினேன். மத்த நாள்ல இந்த ரூம்ல உக்காந்து திட்டினேன்."

"யாரை?"

"ஆண்டவரைத்தான்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு வருசம்."

"அப்போ உங்க விசுவாசம்?"

"போயிட்டுன்னுதான் நானும் நெனச்சேன்."

"பெறகு எப்பய்யா திரும்பி வந்துச்சு?"

போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய் நின்றார்.

"ரெண்டு வருசமும் அவர்ட்டதானம்மா பேசிக்கிட்டிருந்தேன்? வேற யார்ட்டயும் போகலையே. நீயும் திட்டு. கதவைச் சாத்திட்டு நான் வெளிய நிக்கேன். யாரும் உள்ள வர மாட்டாங்க."