இல்லையென்று பேரவை தீர்மானித்த புல்

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு காட்டில், விலங்குகளும் பறவைகளும் தமக்கென ஒரு பேரவை அமைத்து ஆட்சி நடத்தி வந்தன. பெரிய நாவல் மரத்தின் அடியில் அந்தப் பேரவை கூடும். ஆமை அதன் தலைவர். யானை காட்டுக் காப்பு அமைச்சர். அமைச்சரின் முதுகில் எப்போதும் ஒரு வெள்ளைக் கொக்கு அமர்ந்திருக்கும். அதுதான் துறைச் செயலர்.

உறுப்பினர் யாரேனும் கேள்வி கேட்டால், கொக்கு கழுத்தை வளைத்து யானையின் காதில் விடையைச் சொல்லும். யானை அதை உரத்த குரலில் அவைக்குச் சொல்லும்.

அந்தப் பேரவைக்கு ஒரு மரபு உண்டு. வேலை முடிந்துவிட்டதாக அமைச்சர் விடை கூறியதும், உறுப்பினர்கள் குளம்பாலும் வாலாலும் தரையைத் தட்டி மகிழ்ச்சி தெரிவிப்பது வழக்கம். அப்படித் தட்டி முடித்துவிட்டால், அமைச்சர் கூறியது நடந்துவிட்டதாகவே கொள்ளப்படும். பிறகு அதைப் பற்றி எந்த உறுப்பினரும் வாய் திறப்பதில்லை.

தென்சரிவின் உறுப்பினர் முள்ளம்பன்றி. கோடைக்காலத்தில் ஒருநாள் காலை, அது பேரவைக்குப் புறப்பட்டபோது ஒரு கௌதாரி வழிமறித்தது.

"அக்கா, இன்றைக்கு அவையில் எங்களுக்காகப் பேசுவீர்களா?"

"நான் பேசாத நாள் எது? பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் எல்லாரும் கெஞ்சுகிறார்கள். என்னவென்று சொல்."

"சொன்னால் நம்பமாட்டீர்கள். தீத்தடுப்புக் கோட்டை ஒருமுறை வந்து பாருங்கள்."

குழந்தைகளே, கோடையில் காடு காய்வதற்கு முன்பே, யானை ஒன்று குறுக்கே படுக்கும் அகலத்திற்குப் புல்லையும் சருகையும் அகற்றி, வெறும் மண் தெரியும்படி ஒரு நீண்ட பட்டையை வெட்டி வைக்க வேண்டும். அதற்கே தீத்தடுப்புக் கோடு என்று பெயர். காட்டுத்தீ பரவி வந்தாலும், அந்த மண்ணில் தின்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே அணைந்துவிடும்.

முள்ளம்பன்றி சென்று பார்த்தது. அங்கே மண்ணே தெரியவில்லை. காய்ந்து பழுத்த புல், முள்ளம்பன்றியின் உயர்த்திய முட்களையும் மறைத்துக்கொண்டு நின்றது. காற்று வீசியதும் சரசரவென்று உரசிக்கொண்டது.

"காட்டுப்பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். முயலுக்குக் கால்கள் இருக்கின்றன. என் முட்டைகளை நான் எதில் சுமந்துகொண்டு ஓடுவேன், அக்கா?" என்று கேட்டது கௌதாரி. அதன் கூடு, கோட்டின் மேற்கு முனையில், புல்லின் ஓரத்தில் இருந்தது.

முள்ளம்பன்றி ஒரே ஓட்டமாகப் பேரவைக்கு வந்து சேர்ந்தது. கேள்வி நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! தென்சரிவின் தீத்தடுப்புக் கோடு வெட்டப்பட்டுவிட்டதா என்பதை அமைச்சர் அவர்கள் தெரிவிப்பார்களா?"

கொக்கு கழுத்தை வளைத்தது. யானை காதை விரித்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தது.

"வெட்டப்பட்டுவிட்டது. பனிக்காலக் கூட்டத்திலேயே இதை நான் இந்த அவையில் அறிவித்திருக்கிறேன். ஒரே கேள்விக்கு எத்தனை முறை விடை சொல்வது? உறுப்பினர் அன்று உறங்கிவிட்டார் போலும்!"

"முள் குத்தும் என்று பயந்து, அவரை யாரும் தட்டி எழுப்பவில்லை ஐயா!" என்றது மரக்கிளையில் இருந்த குரங்கு.

அவை சிரித்தது. மான் தரையைத் தட்டுவதற்குக் குளம்பைத் தூக்கியது.

"தட்டாதீர்கள்!" என்று முள்ளம்பன்றி கத்தியது. அதன் முட்கள் யாவும் கலகலவென்று நிமிர்ந்தன. "தலைவர் அவர்களே, ஒரு துணைக் கேள்வி. கோட்டை வெட்டியவர்கள் யார்?"

கொக்கு காதில் சொன்னது. "காட்டுப்பன்றிகள்" என்றது யானை.

"அவர்களுள் ஒருவரை அழைத்துக் கேட்கலாமா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு சிறிது நேரம் சிந்தித்தது. பிறகு தலையை நீட்டி, "மரபில் அதற்கு இடமில்லை. ஆனால், தடையும் இல்லை. அழையுங்கள்" என்றது.

பக்கத்துச் சேற்றில் புரண்டுகொண்டிருந்த காட்டுப்பன்றி, மூக்கில் சேறு வழிய வந்து நின்றது.

"அண்ணா, தென்சரிவில் கோடு வெட்டினீர்களா?"

"போனோம், அம்மா."

"போனீர்கள், சரி. வெட்டினீர்களா?"

"மூக்கை மண்ணில் வைத்தோம். அதற்குள் செயலர் ஐயா பறந்து வந்தார். 'நிறுத்துங்கள்! எல்லாரும் திரும்பிப் போங்கள்!' என்றார். திரும்பி வந்துவிட்டோம். ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா, அம்மா?"

அவை திடுக்கிட்டது. மானின் குளம்பு அந்தரத்திலேயே நின்றது. ஓயாமல் அசைந்துகொண்டிருந்த யானையின் காதுகளும் நின்றுவிட்டன.

"செயலரே, இது உண்மையா?" என்று யானை கேட்டது.

கொக்கு முதல் முறையாக அவைக்குக் கேட்கும்படி வாய் திறந்தது. அதன் குரலில் சிறிதும் பதற்றம் இல்லை.

"உண்மைதான், ஐயா. அன்று காலையில் தாங்கள் இந்த அவையில், 'கோடு வெட்டப்பட்டுவிட்டது' என்று அறிவித்தீர்கள். பன்றிகள் வந்ததோ பிற்பகலில். காலையில் முடிந்துவிட்ட வேலையைப் பிற்பகலில் தொடங்க விட்டால், தங்கள் சொல் என்னாவது? தங்கள் மானத்தைக் காப்பது என் கடமை. ஆகவே, வேலையை நிறுத்தினேன்."

"நான் அப்படிச் சொன்னதே நீர் சொல்லிக் கொடுத்ததால்தானே!"

"ஆம், ஐயா. எப்படியும் செய்யப் போகிறோம் என்பதால், செய்தாயிற்று என்று சொல்லச் சொன்னேன். 'செய்வோம்' என்று சொன்னால் அவை தரையைத் தட்டுவதில்லை."

முள்ளம்பன்றியின் முட்கள் தளர்ந்து சாய்ந்தன. தான் கேட்டது சரிதானா என்று அதற்கே ஐயம் வந்துவிட்டது.

"வேலை நடக்காமல் போனதற்குக் காரணம், அது நடந்துவிட்டதாக அவையில் சொன்னதுதானா?"

"மிகச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று கொக்கு பாராட்டியது.

முள்ளம்பன்றி யானையின் பக்கம் திரும்பியது. "அமைச்சர் அவர்களே! ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் சொன்னது நடக்கவில்லை' என்று சொல்லுங்கள். செயலர் போட்ட தடை நீங்கிவிடும். பன்றிகள் இந்த நொடியே புறப்பட்டுவிடும். அங்கே முட்டைகளும் குட்டிகளும் இருக்கின்றன."

யானை வாயைத் திறந்தது. அவை முழுவதும் தன்னையே பார்ப்பதைக் கண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டது.

அப்போது மயில் எழுந்து, தோகையைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கியது.

"தலைவர் அவர்களே! புல் பெரிதா, இந்தப் பேரவை பெரிதா? அமைச்சர் சொன்னார், நாம் தட்டினோம். நாம் தட்டியது பொய்யா? அங்கே புல் நிற்பதாக யாருக்கேனும் தோன்றினால், அது பார்ப்பவர் கண்ணின் குறை. ஆகவே, 'தென்சரிவின் கோட்டில் புல் இல்லை' என்று இந்த அவை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்."

முள்ளம்பன்றி அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தது. யாரேனும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கும் குரங்குகூட, "வழிமொழிகிறேன்" என்றது.

விவாதம் நடந்தது. 'புல்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'சருகும் இல்லை' என்று சேர்க்க வேண்டும் என்றது மான். சருகைச் சேர்த்தால் சுள்ளியையும் சேர்க்க வேண்டும் என்றது காட்டெருமை. பனிக்காலத்திலிருந்தே இல்லையா, இன்றிலிருந்துதான் இல்லையா என்று தெளிவுபடுத்த வேண்டும் என்றது மயில். ஒவ்வோர் உறுப்பினரும் பேரவையின் பெருமையைப் பற்றி ஒரு முறை பேசி அமர்ந்தார். முள்ளம்பன்றி இடையிடையே எழுந்து, "நேரம் போகிறது! நேரம் போகிறது!" என்று கதறியது. "உறுப்பினர் அமரலாம்" என்று ஒவ்வொரு முறையும் ஆமை சொன்னது. கதிரவன் உச்சிக்கு வந்துவிட்டான்.

"தீர்மானத்தை ஆதரிப்போர்?" என்று ஆமை கேட்டது.

இரண்டைத் தவிர எல்லாம் ஆதரித்தன. யானை தலை குனிந்தபடி நின்றது.

"எதிர்ப்போர்?"

முள்ளம்பன்றி மட்டும் எதிர்த்தது.

"தென்சரிவில் புல் இல்லை. தீர்மானம் நிறைவேறியது" என்றது ஆமை. அவை தரையைத் தட்டிய ஓசையில் நாவல் பழங்கள் பொலபொலவென உதிர்ந்தன.

தான் கண்ணால் பார்த்துவந்த புல்லை இத்தனை உயிர்கள் ஒரே குரலில் இல்லை என்று சொல்லக்கூடும் என்பதை முள்ளம்பன்றி கனவிலும் எண்ணியதில்லை. பிறகு, சட்டென்று அதன் கண்கள் ஒளிர்ந்தன.

"தலைவர் அவர்களே, தீர்மானத்திற்குக் கட்டுப்படுகிறேன். எனக்கு ஒரே ஓர் ஐயம். தென்சரிவில் இப்போது புல் இல்லை, அப்படித்தானே?"

"இல்லை."

"இல்லாத புல்லை யாரேனும் அகற்ற முடியுமா?"

"எப்படி முடியும்?"

"அப்படியானால், பன்றிகள் அங்கே சென்று மண்ணைக் கிளறினாலும், புல்லை அகற்றியதாக யாரும் சொல்ல முடியாது. அமைச்சர் அவர்களின் சொல்லுக்கும் குறைவு வராது. செயலர் அவர்கள் தடுப்பதற்கும் காரணம் இல்லை. சரிதானே?"

ஆமையின் தலை உள்ளே சென்றது; வெளியே வந்தது; மீண்டும் உள்ளே சென்றது. "சரிதான் போலிருக்கிறது" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கொக்கு அலகைத் திறந்தது. முள்ளம்பன்றி அதற்காகக் காத்திருக்கவில்லை.

"வாருங்கள், அண்ணா! உங்கள் கூட்டத்தையும் கூப்பிடுங்கள்!" என்று முள்ளம்பன்றி பாய்ந்தது.

"என்ன வேலைக்கு, அம்மா?"

"வேலையே இல்லை, அண்ணா! இல்லாத புல்லைத் தோண்டப் போகிறோம். ஓடுங்கள்!"

பாதி வழியிலேயே புகை நாற்றம் அடித்தது. தெற்கு முகட்டுக்கு அப்பால் தீப் பற்றியிருந்தது. பேரவையின் தீர்மானம் தீயின் காதுக்கு எட்டவில்லை. அது புல்லைப் பார்த்தது. புல்லை நோக்கி வந்தது.

பேரவையிலிருந்து வந்த வழி முதலில் எட்டிய கிழக்கு முனையில் பன்றிகள் தொடங்கின. மூக்கால் உழுதன, கொம்புபோல் வளைந்த பற்களால் வேரோடு பெயர்த்தன. முள்ளம்பன்றி நகங்களால் பறித்துத் தள்ளியது. திடீரென்று நிலம் அதிர்ந்தது. யானை ஓடி வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை. வந்த வேகத்தில் தும்பிக்கையால் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தது.

வெறும் மண் பட்டை மேற்கு நோக்கி நீண்டது. தீ அந்த மண்ணின் விளிம்புக்கு வந்தது, தின்ன ஒன்றும் இல்லாமல் சீறியது, சுருண்டு அணைந்தது. மண்ணுக்கு இப்பால் முயல்கள் பிழைத்தன. காட்டுப்பூனையின் குட்டிகள் பிழைத்தன.

ஆனால், கோட்டின் மேற்கு முனையை அவர்கள் எட்டுவதற்குள், தீ எட்டிவிட்டது.

யானை ஓடிச் சென்று, காலால் மிதித்தும் மண்ணை வாரி இறைத்தும் அந்தத் தீயை அணைத்தது. புகை விலகியது. சாம்பலின் நடுவே கௌதாரி நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் முட்டைகள் கருகிக் கிடந்தன.

எங்கிருந்தோ கொக்கு பறந்து வந்து யானையின் முதுகில் அமர்ந்தது. அதன் இறகில் ஒரு கரித்துகள்கூட இல்லை.

"ஐயா, சரிவின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது என்று நாளை அவையில் சொல்லிவிடலாம்" என்று காதில் சொன்னது.

யானை உடலை ஒரு முறை உலுக்கியது. கொக்கு விழுந்தடித்துக்கொண்டு பறந்தது.

"அம்மா, இவ்வளவு புல் நின்ற இடத்தில் ஏன் கூடு கட்டினாய்?" என்று யானை கேட்டது.

கௌதாரி நிமிர்ந்து பார்த்தது.

"கோடு வெட்டியாயிற்று என்று தாங்கள் அவையில் அறிவித்ததை, மைனா மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போனது, ஐயா. தீ வராத இடம் என்று எண்ணித்தான் இங்கே வந்தேன். அமைச்சரே சொன்ன பிறகு, கோடு இருக்கிறதா என்று நான் போய்ச் சரிபார்ப்பது மரியாதை ஆகுமா? இந்தப் புல் நிற்பதே அந்தக் கோட்டின் மேல்தான் என்று தெரிந்தபோது, முட்டையிட்டு முடித்திருந்தேன்."

முள்ளம்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. யானை வாயைத் திறந்தது. பிறகு சாம்பலில் மண்டியிட்டுத் தலை தாழ்த்தியது.

நீதி: செய்யாத பணியைச் செய்ததாக ஆள்வோர் கூறினால், அச்சொல்லை நம்பியவரே முதலில் அழிவர்.