முப்பத்திரண்டு ஜிபி உழைப்பு

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களுக்கான புது இயங்குதளம் தயாராகிவிட்டது. அது ஓடக் குறைந்தது எத்தனை ஜிபி ராம் நினைவகம் வேண்டும் என்று அறிவிப்பதுதான் பாக்கி. சோதனைப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த செண்பகவல்லி, பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர்களில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, "நாலு போதும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

இயக்குநர் வைத்தீஸ்வரனுக்கு, செருப்பு வாங்கினாலும் ஊரிலேயே விலை கூடினதாக இருக்க வேண்டும். முதலாளியம்மாவைத் தன் அறையில் உட்காரவைத்துக்கொண்டு செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"நாலா? ராப்பகலா இந்தக் கம்ப்யூட்டர்ல உழைக்கிறவன் சொல்றேன், முப்பத்திரண்டுக்குக் குறைஞ்சா நகராது. மாத்தி எழுது. பழசையெல்லாம் பள்ளிக்கூடத்துக்காரங்க தூக்கிப் போடட்டும்!"

"அனுபவஸ்தர் சொன்னா சரிதான் சார். அம்மாவுக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, உடனே மாத்திடுறேன்."

வைத்தீஸ்வரன் கெத்தாகக் கம்ப்யூட்டர் சுவிட்சை அமுக்கினார். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. விரலெல்லாம் குங்குமம்.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"போன வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டும்மா," என்றாள் செண்பகவல்லி. "சாரோட உழைப்புல இன்னிக்குத்தான் அழிஞ்சுது."