வாட்ச் ஏறிய பல்லக்கு

மேலக்குழப்பூர் அம்மன் பல்லக்கை நான்கு பேர் தூக்குவார்கள். நால்வருக்கும் தோள் பெரிது; மற்றதெல்லாம் அளவாகத்தான் இருந்தது. முன்தண்டின் வலப்பக்கம் மூத்தவர் சடையாண்டிக்குச் சொந்தம். தண்டைச் சுமக்கும்போது அவராக "தோள் மாத்து" என்று குரல் கொடுத்தால், பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் தோள் கொடுத்தாக வேண்டும். அவர் சொல்லாதவரை அந்த இடத்தை ஈகூடத் தொடக் கூடாது.

திருவிழா நெருங்கும் நேரம் பார்த்து சடையாண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் மங்களேஸ்வரி சோதித்துவிட்டு, அவர் கையில் ஒரு வாட்சைக் கட்டினார்.

"இதயத்துக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆகாம பாத்துக்கணும். தினமும் கோயிலைச் சுத்தி வாங்க. இது கிர்ருனு நடுங்கினா, எங்க இருந்தாலும் உடனே உக்காந்துடணும். கணக்கெல்லாம் என் போனுக்கு வந்துடும். பச்சை காட்டினா பல்லக்கு தூக்கலாம். சிவப்பு காட்டினா வேடிக்கைதான் பாக்கணும்."

வேடிக்கை பார்ப்பதா? சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. தண்டு இல்லாமல் அவ்வளவு பெரிய தோளை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வார்?

மறுநாள் கோயிலைச் சுற்றக் கிளம்பியதும் தெற்கு வீதி முனையிலேயே வாட்ச் நடுங்கியது. டாக்டர் சொன்ன சொல் தவறாமல் சடையாண்டி நடுரோட்டில் உட்கார்ந்தார். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. கூட வந்த மற்றப் பல்லக்குக்காரர்கள் மூவரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அண்ணன் உக்காரணும். ஆனா கோயிலையும் சுத்தணும்," என்றான் மருதையன்.

"உக்காந்துக்கிட்டே கோயிலைச் சுத்துறவங்க யாருடா இருக்கா?" என்றான் பொன்னுரங்கம்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு கலியமூர்த்தி சொன்னான்: "அம்மன் இருக்காளே."

கலியமூர்த்திக்கு மூளை உண்டு என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒத்திகைக்கு வைத்திருந்த பழைய பல்லக்கைக் கொண்டுவந்து அண்ணனை ஏற்றினார்கள். மூவரும் அவரவர் மூலையில் தோள் கொடுத்தார்கள். வலது முன்மூலை அண்ணனுடையது. அண்ணனோ மேலே இருந்தார். தண்டைச் சுமக்காதவர் எப்படித் தோள் மாற்றச் சொல்வார்? ஆகவே அந்த மூலையை மரியாதையாகக் காலியாக விட்டார்கள்.

பல்லக்கு அந்தப் பக்கம் தொபுக்கென்று இறங்கும்; மூவரும் எக்கித் தூக்குவார்கள்; மறுபடி இறங்கும். சடையாண்டி முன்னும் பின்னும் வழுக்கி, தலை கூரையில் இடிக்க, தண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வாட்ச் ஒவ்வொரு குலுக்கலையும் ஓர் அடியாக எண்ணிக்கொண்டது.

"அண்ணன் என்னமா நடக்கிறாரு பாருங்கடா," என்று பொன்னுரங்கம் பூரித்துப்போனான்.

அங்கே டாக்டரின் போன் அலறியது. அவர் ஸ்கூட்டரில் பறந்து வந்து, பல்லக்கை இறக்கச் சொல்லி, சோதித்துப் பார்த்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை, வெறும் பயம்தான்.

"உங்க காலாலதான் நடக்கணும். புரியுதா?"

புரிந்தது. அன்று முதல் சடையாண்டி தன் காலாலேயே நடந்தார். வாட்சும் பச்சையாகவே இருந்தது. திருவிழாவன்று தானே அவர் பக்கத்தில் நடந்து வருவதாகச் சொல்லி, டாக்டர் அனுமதி கொடுத்தார். சடையாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தேர்முட்டி மேட்டில் பல்லக்கு ஏறும்போது வாட்ச் நடுங்கியது.

உடனே உட்கார வேண்டும். உட்கார ஓர் இடம்தான் அவருக்குத் தெரியும். "தோள் மாத்து" என்று முறைப்படி குரல் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் டாக்டர். என்ன ஏது என்று கேட்பதற்குள் பட்டுப்புடவைத் தோளில் தண்டு இறங்கிவிட்டது. அர்ச்சகர் வாயைத் திறப்பதற்குள் சடையாண்டி மேலே ஏறி, அம்மன் காலடியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

பல்லக்கு ஆடாமல் அசையாமல் மேடு ஏறியது. சடையாண்டி வாட்சைப் பார்த்தார். நல்ல பச்சை. கீழே எட்டிப் பார்த்தார். டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது, மூச்சு இரைத்தது. சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"டாக்டரம்மா, இதை இப்படியே விடக் கூடாது. நாளைக்கே ஒரு நல்ல டாக்டராப் பாத்து, கையில ஒரு வாட்ச் கட்டிக்குங்க."