ஒன்பது மேக மலைக்குப் புறப்பட்ட நீலாயி

முன்னொரு காலத்திலே, கப்பல் காற்றை நம்பியும் மனுஷன் கப்பலை நம்பியும் பிழைத்த காலத்திலே, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். கப்பல்களுக்குப் பாய் தைப்பது அவள் தொழில். அவள் புருஷன் சாத்தன் சுக்கான் பிடிப்பவன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஒரு சமயம் சாத்தன் போன கப்பல் சீன தேசத்துக் கரைக்கு அருகே புயலில் மாட்டிக்கொண்டது. பாய்மரம் முறிந்தது, சுக்கான் பிய்ந்தது, தண்ணீர் அவன் கழுத்துவரை வந்தது. அப்போது மேகம் விலகி, ஒன்பது சிகரங்களோடு ஒரு மலை தெரிந்தது. அந்த நாட்டார் கையெடுத்துக் கும்பிடும் ஒன்பது மேக மலை அதுதான். உயிர் போகிற நேரத்தில் யார் ஊர் மலையாக இருந்தால் என்ன? சாத்தனும் கும்பிட்டான்.

"மலையே! என்னை நீலாயிகிட்டக் கொண்டு சேர்த்துடு. என் காலால நடந்து வந்து உன் உச்சியில ஒரு விளக்கு ஏத்துறேன்!"

மலை கேட்டது. உடைந்த பலகை ஒன்று அவனைக் கரை சேர்த்தது. அடுத்த கப்பலில் ஊருக்கு வந்தான்.

வந்தவன் என்ன செய்தான்? திட்டம் போட்டான். மலை குளிரும் என்று கம்பளி வாங்கினார்கள். வழிக்கு அவல், முறுக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் தயாரானது. விளக்கு, திரி, எண்ணெய், சிக்கிமுக்கிக் கல் எல்லாவற்றையும் வைத்து மூட்டை கட்டினார்கள். நல்ல நாள் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த வருஷம்தான் ஊருக்கு ஒரு சோசியர் வந்திருந்தார். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பஞ்சு போல நரைத்த தலை, கையில் ஓலைப் பஞ்சாங்கம், இடுப்பில் ஒரு செப்புப் பெட்டி. நம் ஆட்கள் நாள் பார்க்காமல் பக்கத்துத் தெருவுக்கே சம்பந்தம் பேசப் போக மாட்டார்கள். சீன தேசத்துக்கா போவார்கள்?

"சோசியரே, இன்னைக்குக் கெட்டது ஏதும் உண்டா?" என்று சாத்தன் கேட்டான்.

"உண்டே! திங்கக்கிழமை. கிழக்கே சூலம்."

"அப்ப என்ன செய்ய?"

"நாளைக்குப் பார்ப்போம்னு சொல்லு."

"நாளைக்குப் பார்ப்போம்" என்றான் சாத்தன். செப்புப் பெட்டி 'டக்' என்று மூடிக்கொண்டது.

மறுநாள் அஷ்டமி. நாளைக்குப் பார்ப்போம். டக். அதற்கு மறுநாள் நவமி. நாளைக்குப் பார்ப்போம். டக். அப்புறம் கரிநாள், அப்புறம் மரணயோகம், அப்புறம் காற்று மாறிவிட்டது. முறுக்கு நமுத்துப்போனது, தின்று தீர்த்துவிட்டு வேறு சுட்டார்கள். கம்பளியைப் பூச்சி அரித்தது, வேறு வாங்கினார்கள். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன மூட்டை கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டாம் வருஷம் ஒருநாள் காலையில் சாத்தன் பாயிலிருந்து எழுந்தான். எழுந்த இடத்திலேயே நின்றான். அவனுடைய இரண்டு பாதங்களும் கருங்கல்லாகிக் கிடந்தன. நீலாயி தேய்த்துப் பார்த்தாள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள், சாமிக்கு வேண்டிப் பார்த்தாள். கல் கல்லாகவே இருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

கடலிலிருந்து ஒரு பேராமை மெல்ல மெல்ல ஏறி அவள் வாசலுக்கு வந்தது. முதுகெல்லாம் பாசி.

"அழாதே பெண்ணே. மலைதான் என்னை அனுப்பியது" என்றது ஆமை. "உன் புருஷனுடைய நாட்களை எவனோ தின்றுவிட்டான். நாளில்லாத உடம்பு கல்லாகும்."

"எவன் தின்னான்?"

"அது மலைக்குத் தெரியும், ஆமைக்குத் தெரியாது. இன்றைக்கு மூன்றாம் நாள், மலைமேல் சூரியன் மறைவதற்குள் அங்கே விளக்கு எரிய வேண்டும். அவன் கால் கல்லாகிவிட்டது. அவனில் பாதி நீ. உன் கால் போதும்."

"மூணே நாளா? சீனத்துக்குப் போக மாசக்கணக்கா ஆகுமே!"

"புறப்படாதவருக்கு அந்த மலை ஆயிரம் காதம். புறப்பட்டவருக்கு மூன்றே அடி. உன் வீட்டு நிலையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் மூன்று அடி வை. மூன்றாவது அடி என் முதுகில் படட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று நீலாயிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். வலது காலை நிலைக்கு வெளியே நீட்டினாள்.

"எங்கே தாயி, புறப்பட்டாப்ல இருக்கு?" எதிரில் சோசியர் நின்றிருந்தார்.

புறப்படுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் காரியம் கெடும் என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பாடம். கேட்டுவிட்டால் உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நீலாயி யோசிக்கவே இல்லை. நீட்டிய கால் தானாக உள்ளே வந்துவிட்டது.

"சகுனம் சரியில்லையே தாயி. நாளைக்குப் பார்ப்போம்னு சொல்லு."

"நாளைக்குப் பார்ப்போம்" என்றாள். டக்.

உள்ளேயிருந்து சாத்தன் அலறினான். "நீலாயி! இடுப்பு!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். கல் இடுப்புவரை ஏறியிருந்தது. அதன்பிறகு எத்தனை முறை வாசலுக்கு வந்தாலும் அவள் கால் எழும்பவில்லை. அன்றைய நாள்தான் பெட்டிக்குள் போய்விட்டதே.

இரண்டாம் நாள். யார் என்ன கேட்டாலும் காதில் வாங்குவதில்லை என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நீலாயி வாசலுக்கு வந்தாள். சோசியர் வாயே திறக்கவில்லை. தம் மேல்துண்டை உதறினார். அதிலிருந்து கரிய பூனை ஒன்று குதித்து, இடமிருந்து வலமாக அவள் காலடியில் ஓடியது. பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். நீலாயியின் கால் மறுபடி உள்ளே வந்துவிட்டது. அவள் வாய் அவளைக் கேட்காமலே, "நாளைக்குப் பார்ப்போம்" என்று முனகியது.

டக்.

"நீலாயி! மார்பு!" என்ற சாத்தனின் அலறல் பஞ்சையும் மீறிக் காதில் விழுந்தது.

இந்தத் தடவை அவள் உள்ளே ஓடவில்லை. சோசியரையே பார்த்தாள். பெட்டி மூடிய அதே நொடியில், அவர் தலையில் மிச்சமிருந்த கடைசி நரைமுடி கறுத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிழவராக வந்த மனுஷன், இப்போது கல்யாண மாப்பிள்ளை போல நிற்கிறான்! ஊரில் இத்தனை பேர் தினமும் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவன்மேல் வந்த கோபத்தைவிட, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது வாசல் நிலையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. நீலாயி தாண்டப் போனாள். முகத்தில் அறைந்தாற்போல ஏதோ தூக்கி எறிந்தது. எழுந்தாள், ஓடிவந்து பாய்ந்தாள். மறுபடி தூக்கி எறிந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

வெளியே சோசியன் இடிஇடியெனச் சிரித்தான். இனி வேஷம் எதற்கு?

"நான் நாள்தின்னிடி! நீங்க தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு கவளம். இந்த வீட்டுக்குள்ள இருக்கிற எவரும் இன்னைக்கு இந்த நிலையைத் தாண்ட முடியாது. பொழுது சாயட்டும், உன் புருஷன் முழுசாக் கல்லு!"

மணலில் ஆமை காத்துக் கிடந்தது. வாசலிலிருந்து இரண்டே அடி தூரம். சூரியன் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. கல் சாத்தனுடைய தோளுக்கு வந்துவிட்டது.

"விட்டுடு புள்ள" என்றான் சாத்தன். "வந்து பக்கத்துல உட்காரு. இருக்கிற வரைக்கும் உன் முகத்தைப் பார்த்துக்கிறேன்."

நீலாயிக்கும் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. அவன் தோளில் சாய்ந்துகொண்டால் போதும், அப்படியே தானும் கல்லாகிவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"சோசியரே! கையில பஞ்சாங்கம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதைத் தொட்டுக்கிட்டுச் சொல்லும். இன்னைக்கு நல்ல நேரம் எப்போ?"

நாள்தின்னியின் சிரிப்பு நின்றது. பதினோரு வருஷமாக ஊரே அவனிடம் கெட்ட நேரம் உண்டா என்றுதான் கேட்டது. உண்டு என்றான். அது பொய்யில்லை. எந்த நாளில்தான் கெட்ட நேரம் இல்லை? நல்ல நேரம் எப்போது என்று ஒருவரும் அவனைக் கேட்டதே கிடையாது. எந்த மந்திரவாதிக்கும் ஒரு கட்டு இருக்கும் என்பது நீலாயிக்குத் தெரியும். கையில் பஞ்சாங்கம் இருக்கும்போது கேட்டால் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்; பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"இப்போதான்" என்று பல்லைக் கடித்தான். "இந்த அரை நாழிகை. அதனால உனக்கென்ன லாபம்? நீதான் வெளியே வர முடியாதே!"

நீலாயி மூட்டையைத் தூக்கினாள். ஜன்னல் வழியாக வீசினாள். அது பறந்துபோய் ஆமையின் முதுகில் தொப்பென்று விழுந்தது.

"பரஸ்தானம்!" என்று கத்தினாள்.

பரஸ்தானம் தெரியுமல்லவா? நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்தில் தங்கள் மூட்டையை மட்டும் வெளியே வேறொரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை போனால் ஆளே போன மாதிரி. அப்புறம் ஆள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

"பஞ்சாங்கப்படி நான் புறப்பட்டாச்சா இல்லையா? தொட்டுக்கிட்டுச் சொல்லும்!"

நாள்தின்னி வாயை இறுக்கிக்கொண்டான். ஆனால் பஞ்சாங்கம் கையில் இருந்தது, பதில் தானாக வந்தது. "புறப்பட்டாச்சு."

"உன் கயிறு வீட்டுக்குள்ள இருக்கிறவங்களைத்தானே கட்டும்? நான்தான் போயாச்சே!"

நீலாயி நிலையைத் தாண்டினாள். கறுப்புக் கயிறு பொசுங்கி விழுந்தது. முதல் அடி வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் நாள்தின்னி கத்தினான். "அடியே! உன் கூரை பத்தி எரியுது, பாரு!" புகை நாற்றம்கூட வந்தது. நீலாயி திரும்பவில்லை. இரண்டாவது அடி வைத்தாள்.

"நீலாயி, கண்ணு, உன் ஆத்தா வந்திருக்கேன்டி." எப்போதோ செத்துப்போன அம்மாவின் குரல். நீலாயி பல்லைக் கடித்துக்கொண்டாள், திரும்பவில்லை. மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினாள்.

"நீலாயி. திரும்பிப் பாரு புள்ள. ஒரே ஒரு தடவை."

சாத்தனின் குரல். மந்திரமா, அவனேதானா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி திரும்புவது. 'இதுவும் அவன் வேலைதான், இதுவும் அவன் வேலைதான்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காலைக் கீழே வைத்தாள்.

கால் ஆமையின் முதுகில் பட்டது. பட்டதும் அது ஆமையில்லை, பாசி படிந்த ஒரு கற்படி. அதற்கு மேலே இன்னொரு படி, அதற்கு மேலே ஆயிரம் படி. எலும்பைக் குத்தும் குளிர். மேகம் அவள் முழங்காலுக்குக் கீழே கிடந்தது.

ஆனால் ஐயோ, இது கிழக்குத் தேசம்! இங்கே சூரியன் நமக்கு முந்தி மறைகிறவன். நாகப்பட்டினத்தில் இன்னும் பொழுதிருக்க, இங்கே அவன் பாதி முங்கிவிட்டான். நீலாயி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். விழுந்தாள், முழங்கால் தோல் பெயர்ந்தது, தவழ்ந்தாள், மறுபடி ஓடினாள். உச்சிக்கு வந்தபோது சூரியன் கீற்றாகத்தான் மிஞ்சியிருந்தான்.

விளக்கை வைத்து, கல்லை உரசி, திரியில் நெருப்பு வைத்தாள். காற்று அணைத்தது. கையால் மறைத்து மறுபடி வைத்தாள். காற்று விரலிடுக்கில் புகுந்து அணைத்தது. கீற்று மயிரிழையானது. நீலாயி ஒரு கணம் கண்ணை மூடிக் காற்றைக் கவனித்தாள். காற்றோடு சண்டை போட்டால் பாய் கிழியும் என்று பாய் தைக்கிறவளுக்குத் தெரியாதா? கம்பளியை உதறி, ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையைக் கையில் பிடித்துச் சாய்வாக நின்றாள். காற்று கம்பளியில் மோதி வழுக்கிக்கொண்டு விலகிப் போனது. மூன்றாவது முறை வைத்த நெருப்பு நின்று எரிந்தது. சூரியன் மறைந்தான்.

அதே நொடியில் நாகப்பட்டினத்தில் செப்புப் பெட்டி வெடித்தது. விழுங்கப்பட்ட நாட்களெல்லாம் சிட்டுக்குருவிக் கூட்டம் போல விர்ரென்று கிளம்பி, அவரவர் வீட்டைத் தேடிப் பறந்தன. ஏழு வருஷமாகப் பெண் பார்க்கக் கிளம்பாதவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினான். கிணறு வெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் கடப்பாரையைத் தேடினான். நாள்தின்னியின் வயிற்றில் மட்டும் ஒரு நாளும் மிஞ்சவில்லை. நாளில்லாத உடம்பு என்ன ஆகும்? நின்ற இடத்திலேயே கல்லானான். அந்தக் கல்மேல்தான் இன்றைக்கும் அந்த ஊரார் வலை காயப்போடுகிறார்கள்.

நீலாயி படியிறங்கி ஓடிவந்தாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் அவள் வீட்டு வாசல். சாத்தன் தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் பாதத்தைத் தொட்டாள், முட்டியைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். எல்லாம் சதை, எல்லாம் சூடு.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கூரை எரியுதுன்னது அவன். ஆத்தா குரலும் அவன். மூணாவது?"

சாத்தன் தலையைக் குனிந்துகொண்டான். "அது நான்தான்."

"நீங்களா?"

"கல்லு தொண்டைக்கு வந்துடுச்சு புள்ள. பயந்துட்டேன். திரும்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டேன். கடைசியா உன் முகத்தைப் பார்த்துடணும்னு இருந்துச்சு."

நீலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா நான் திரும்பியிருப்பேனே" என்றாள். மூன்று நாளாக அழ நேரமில்லாதவள், இப்போது ஊர் கேட்க அழுதாள். சாத்தனும் உட்கார்ந்து, உதடு கிழிந்து புழுதி படிந்திருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"இப்போ பாருங்க" என்றாள் அவள்.

பார்த்தான். அவன் ஆசை தீரப் பார்க்கட்டும். நமக்கு அங்கே என்ன வேலை? கதையும் முடிந்தது, கிளம்புங்கள்.