சூரியனுக்கு ஒரு முத்திரை

எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் அதிகாரி துரைப்பாண்டி, சந்தைக் கடைகளை மிரட்டி முடித்துவிட்டு எதிரே இருந்த வானியல் கண்காட்சிக்கு வந்தார். வாசல் பலகையில், “மீநிறைக் கருந்துளை. எடை நாற்பது லட்சம் சூரியன்” என்று எழுதியிருந்தது.

“முத்திரையில்லாத கல்லுலயா எடை போட்டீங்க? இப்பவே இழுத்துப் பூட்டுறேன்!”

டிக்கெட் கிழிக்கும் அஞ்சலை ஓடி வந்தாள். பூட்டினால் அவளுக்கு வேலை போய்விடும். கைகூப்பினாள்.

“ஐயா, லட்சம் சூரியனைத் தாண்டின எடையைத்தான் மீநிறைன்னு சொல்றாங்க. சூரியன்தான் இதுக்கு எடைக்கல்லு. முத்திரை வாங்காதது எங்க தப்புதான். கல்லு இப்போ உச்சியில நிக்குது. நான் ஏணியப் பிடிக்கிறேன், நீங்களே ஏறிக் குத்திடுங்க.”

டிக்கெட்டுக்கு நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணாந்து பார்த்த அதிகாரிக்குக் கண் கூசித் தும்மல் வந்தது.

“பலகை இருந்துட்டுப் போகட்டும் தாயி” என்று நடையைக் கட்டினார்.

அஞ்சலை மூச்சுவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள்.